நாபா பள்ளத்தாக்கில் ஒரு நாள் நடை: பாதையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்குக்கு முதல்முறை போகிறவர்கள் மனத்தில் ஒரு படம் இருக்கும். இரு பக்கமும் திராட்சைக் கொடிகள், நடுவே ஒரு மண்பாதை, அதில் கைவீசி நடந்துபோகும் நாம். போய்ப் பார்த்தால் அந்த மண்பாதை எல்லாவற்றிலும் கேட்டும் பூட்டும் இருக்கும். கொடி வரிசைகளுக்கு இடையே ஓடுவது டிராக்டர் போகும் வழி. அது தனியார் நிலம், நடப்பவர்களுக்கானது அல்ல.

இதற்குக் காரணம் உண்டு. 1968இல் நாபா கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) இந்தப் பள்ளத்தாக்கின் தரைப்பகுதியை வேளாண் பாதுகாப்பு நிலமாக அறிவித்தது. அமெரிக்காவில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் பகுதி இதுதான். வீட்டுமனை வியாபாரிகளிடமிருந்து நிலம் தப்பியது, திராட்சை நிலைத்தது. ஆனால் சமதரை முழுவதும் கொடிகளுக்குப் போனதால், பொதுமக்கள் நடக்கும் பாதைகள் ஓரங்களுக்கு ஒதுங்கிவிட்டன: மேற்கு மலை, கிழக்கு மலை, வடக்கு முனை, தெற்கே ஆற்றோரம். நாபாவில் பாதையைத் தேர்ந்தெடுப்பது என்றால் இந்த ஓரங்களில் எதற்கு, எந்த மாதம், எத்தனை மணிக்குப் போவது என்று முடிவு செய்வதுதான். வரைபடச் செயலியில் எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பது அதற்கு அப்புறம்.

முதல் படி: பள்ளத்தாக்கின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

நாபா பள்ளத்தாக்கு ஏறத்தாழ 30 மைல் நீளம். தெற்கே சான் பாப்லோ விரிகுடாவின் சதுப்பு நிலத்தில் தொடங்கி, வடமேற்காக ஏறி, காலிஸ்டோகா ஊருக்கு அப்பால் செயின்ட் ஹெலினா மலையடிவாரத்தில் முடிகிறது. தெற்கில் அகலம், வடக்கே போகப் போக ஒடுங்கும். மேற்கில் மாயகாமாஸ் மலைத்தொடர், கிழக்கில் வாகா மலைத்தொடர். நடுவில் நாபா ஆறு. ஊர்களைத் தெற்கிலிருந்து வரிசையாகச் சொன்னால் அமெரிக்கன் கேன்யன், நாபா, யவுண்ட்வில், ஓக்வில், ரதர்ஃபோர்டு, செயின்ட் ஹெலினா, காலிஸ்டோகா. மேற்குப் பக்கமாக நெடுஞ்சாலை 29, கிழக்குப் பக்கமாக சில்வராடோ டிரெயில். பெயரில் டிரெயில் இருக்கிறதே என்று நடக்கப் போய்விடாதீர்கள். அது கார்கள் விரையும் சாலை.

இரண்டு மலைத்தொடர்களும் ஒன்றுக்கொன்று நேரெதிர்க் குணம் கொண்டவை. பசிபிக்கிலிருந்து வரும் மழைமேகம் முதலில் மாயகாமாஸில் மோதுவதால் அங்கே ஈரம் அதிகம். ஓடை இருக்கிறது, ரெட்வுட் மரம் இருக்கிறது, டக்ளஸ் ஃபர் இருக்கிறது. வாகா தொடருக்கு மிச்சம்மீதிதான் கிடைக்கும். எரிமலைப் பாறை, புதர்க்காடு, ஆங்காங்கே ஓக் மரம், திறந்த வெயில்.

வெயிலின் கணக்கும் அப்படியே. மேற்கு மலையின் சரிவுகள் காலை வெயிலை வாங்கும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் நிழலுக்குள் போய்விடும். கிழக்கு மலையின் சரிவுகளில் காலையில் நிழல் தங்கும். மதியத்துக்குமேல் பாறை கொதிக்கும். ஆகவே காலை நடை என்றால் கிழக்கு, பிற்பகல் நடை என்றால் மேற்கு. இந்த ஒரு வரியை நினைவில் வைத்திருந்தாலே இங்கே நடக்கும் பாதிச் சங்கடங்கள் குறைந்துவிடும்.

இரண்டாம் படி: மாதத்தைப் பாருங்கள்

மழை நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே முதல் அக்டோபர் வரை ஏறக்குறைய ஒரு துளி கிடையாது. நம் ஊர்க்காரர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். இங்கே மலை பச்சையாக இருப்பது குளிர்காலத்தில். கோடையில் புல்லெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும்.

நடக்க நல்ல காலம் எது என்று கேட்டால் நான் மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை என்பேன். ஓடைகளில் தண்ணீர் இருக்கும். சரிவுகளில் கலிபோர்னியா பாப்பியின் ஆரஞ்சும் லூபினின் நீலமும் இருக்கும். திராட்சையில் தளிர் விட்டிருக்கும். இதற்குச் சற்று முன்னால், ஜனவரி முதல் மார்ச் வரை, கொடி வரிசைகளுக்கு இடையே கடுகு பூத்து பள்ளத்தாக்கே மஞ்சளாகக் கிடக்கும். அதை மேலிருந்து பார்க்க விரும்பினால் அந்த மாதங்களில் கிழக்குச் சரிவு ஏறலாம், வெயிலும் உறைக்காது.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காலிஸ்டோகா பக்கம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அதே நேரத்தில் தெற்கே கார்னெரோஸ் பகுதியில் விரிகுடாக் காற்றால் ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும். ஆக, கோடையில் தெற்கு, அல்லது ரெட்வுட் நிழல்; வடக்கின் திறந்த மலைகள் வேண்டாம். பிடிவாதமாகப் போகத்தான் வேண்டும் என்றால் விடிந்ததும் ஏறத் தொடங்கிப் பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலம். கூட்டம் அதிகம், அறை வாடகை அதிகம். இன்னொன்றும் உண்டு: தீ. 2017 அக்டோபரில் டப்ஸ் தீ காலிஸ்டோகா அருகே தொடங்கி சாண்டா ரோசா நகரம் வரை போனது. 2020 செப்டம்பர் கடைசியில் கிளாஸ் தீ செயின்ட் ஹெலினா, காலிஸ்டோகா இரண்டுக்கும் இடையிலான மலைகளை எரித்தது. இலையுதிர் காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றுதான் இதற்கு வழிசெய்கிறது. அந்தக் காற்றுக்கு முன்பாக அமெரிக்க வானிலைத் துறை 'ரெட் ஃபிளாக்' எச்சரிக்கை விடும். அது இருக்கும் நாளில் மலையில் நடக்கக் கூடாது. பூங்காக்களையே மூடிவிடுவதும் உண்டு. தூரத்தில் எங்கோ எரிந்தால்கூடப் புகை பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும். காற்றுத் தரக் குறியீடு 150ஐத் தாண்டினால் மூச்சு வாங்கும் ஏற்றம் எதுவும் வேண்டாம்.

அதெல்லாம் இல்லாத ஒரு நவம்பர்த் தொடக்கம் வாய்த்தால் அதை விடாதீர்கள். கொடிகள் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும்.

மூன்றாம் படி: உங்களோடு வருபவர்களுக்கு ஏற்ற கணக்குப் போடுங்கள்

பாதையின் தூரத்தை மட்டும் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தூரத்தோடு ஏற்றத்தையும் பார்க்க வேண்டும். 1892இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஓர் எளிய கணக்கு சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்றும் அந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

செயின்ட் ஹெலினா மலையை எடுத்துக்கொள்வோம். போகவர ஏறத்தாழ 10 மைல், ஏற்றம் 2,000 அடி. மூன்று மணி இருபது நிமிடமும் ஒரு மணியும் சேர்த்து நான்கு மணி இருபது நிமிடம். ஆனால் நைஸ்மித் கணக்கு ஓய்வெடுக்காமல் நடக்கும் திடகாத்திரமானவர்களுக்கு உரியது. வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுச் சனிக்கிழமை மலையேறுபவர்கள் இதோடு பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆறரை மணி நேரம். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால், காலை பத்தரைக்குத் தொடங்கினால் இறங்குவதற்குள் இருட்டிவிடும். இப்படி ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் பாதை தானாகவே தள்ளுபடி ஆகும், அல்லது தானாகவே தேர்வாகும்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் கோடையில் ஊரிலிருந்து வந்த பெற்றோரை இங்கே அழைத்து வருவது வழக்கம். கணக்கைப் போட வேண்டியது அவர்கள் முழங்காலுக்கு. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். "எனக்கு இந்தச் செருப்பே போதும்" என்று அம்மா சொன்னால், வைன் டிரெயில் என்ற சமமான தார்ப்பாதையில் சரி. மலைப்பாதையில் அந்த வாதத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உதிர்சரளையில் செருப்பு வழுக்கும்.

நான்காம் படி: இப்போது பாதைக்கு வருவோம்

*நிழல் வேண்டும் என்றால்: பாத்தி–நாபா பள்ளத்தாக்கு மாநிலப் பூங்கா*

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே நடப்பது என்று யாராவது கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த இடத்தை. செயின்ட் ஹெலினாவுக்கும் காலிஸ்டோகாவுக்கும் நடுவில், நெடுஞ்சாலை 29இன் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. கடற்கரையை ஒட்டி வளரும் ரெட்வுட் இவ்வளவு உள்நாட்டில் நிற்பது அபூர்வம். ரிச்சி ஓடையின் ஈரம் அதற்குக் கைகொடுக்கிறது.

இந்த நிலத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கோயிட் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பணம் விட்டுச்சென்ற லில்லி ஹிட்ச்காக் கோயிட்டின் குடும்பத்துக்கு இந்த ஓடைக்கரையில் ஒரு தோட்டவீடு இருந்தது. பிறகு கைமாறி, 1960இல் மாநிலப் பூங்காவானது.

ஓடையை ஒட்டியே போய்த் திரும்பும் ரெட்வுட் பாதை பெரிய ஏற்றமில்லாதது, குழந்தைகளுக்கும் சரிப்படும். இன்னும் கொஞ்சம் கால் வலிக்க வேண்டும் என்றால் கயோட்டி சிகரத்தைச் சேர்த்துச் சுற்றிவரலாம். சிகரம் என்று பெயர்தானே தவிர 1,170 அடிதான். சுற்று நாலரை, ஐந்து மைல் வரும். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம்.

இந்தப் பாதையில் மரங்களை நின்று பாருங்கள். ஓடை மட்டத்தில் ரெட்வுட், அடியில் பெரணி, காற்றில் ஈர மண் வாசனை. நூறு அடி ஏறியதும் ரெட்வுட் விலகி டக்ளஸ் ஃபரும் மட்ரோனும் வந்துவிடும். மட்ரோன் மரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. கொய்யா மரம்போல மேல்பட்டை காகிதமாய் உரிந்து, உள்ளே வழவழப்பான செம்மஞ்சள் தண்டு தெரியும். இன்னும் மேலே, வெயில் விழும் தோளில், ஓக்கும் மன்சனீட்டா புதரும். கோடைக் கடைசியில் போனால் பக்கை மரங்கள் இலை முழுவதும் உதிர்த்துப் பட்டுப்போனவைபோல நிற்கும். அவை சாகவில்லை. பிப்ரவரியிலேயே தளிர்த்துவிடும் மரம் அது. கோடை வறட்சியில் தண்ணீரைச் சேமிக்க இலையைக் கழித்துவிட்டுத் தூங்குகிறது. கரிந்த அடிமரங்களும் கண்ணில் படும். கிளாஸ் தீ இந்தப் பூங்காவின் ஒரு பகுதிக்குள்ளும் புகுந்தது. ரெட்வுட் கரிந்த அடியிலிருந்தே மறுபடி துளிர்க்கும். பக்கத்தில் நிற்கும் ஃபருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பூங்காவிலிருந்து 'ஹிஸ்டரி டிரெயில்' என்ற பாதை ஒரு மைலுக்குச் சற்று அதிகம் நடத்தி, குடியேறிகளின் பழைய கல்லறைத் தோட்டத்தைக் கடந்து, பேல் மாவு ஆலைக்குக் கொண்டுபோய் விடும். 1846இல் எட்வர்டு பேல் என்ற ஆங்கிலேய மருத்துவர் கட்டிய ஆலை. 36 அடி விட்டமுள்ள மரச்சக்கரம் இன்றும் இருக்கிறது. வார இறுதிகளில் கல்லை ஓடவிட்டு அரைத்துக் காட்டுகிறார்கள். திராட்சை ஆட்சிக்கு வருவதற்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் கோதுமை விளைந்தது என்பதற்கு அந்தச் சக்கரம்தான் சாட்சி.

*மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்றால்: செயின்ட் ஹெலினா மலை*

உயரம் 4,342 அடி. 1980இல் வெடித்த வாஷிங்டன் மாநிலத்து செயின்ட் ஹெலன்ஸ் வேறு, இது வேறு. பாறையெல்லாம் பழைய எரிமலைக் குழம்புதான் என்றாலும் இந்த மலை எரிமலை அல்ல.

காலிஸ்டோகாவிலிருந்து நெடுஞ்சாலை 29 வளைந்து வளைந்து ஏறி ஒரு கணவாயை அடையும். அங்கே ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் மாநிலப் பூங்கா. சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, கைப்பேசிச் சிக்னலும் பெரும்பாலும் கிடையாது. இவை மூன்றையும் காலிஸ்டோகாவிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள். வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கிவையுங்கள்.

முதல் ஒரு மைல் மரநிழலில் வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதை. அதன் முடிவுக்குச் சற்று முன்னால் விரித்த புத்தக வடிவில் ஒரு கல் நினைவுச்சின்னம் வரும். 1880இல், கையில் காசில்லாத இளம் எழுத்தாளராக, புதுமனைவி ஃபேனியோடு ஸ்டீவன்சன் தங்கியிருந்த இடம் அது. கைவிடப்பட்ட சில்வராடோ வெள்ளிச் சுரங்கத்தின் தொழிலாளர் கொட்டகை; வாடகை இல்லை. நுரையீரல் நோயோடு இருந்தவருக்கு இந்த மலைக்காற்று வேண்டியிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அதற்குமேல் பாதை அழகானதல்ல. தீயணைப்பு வண்டி போகும் அகலமான மண்சாலை, தலைக்குமேல் நிழலே இல்லாமல், சிகரத்தில் இருக்கும் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் வரை போகிறது. அதற்கு ஈடு பார்வைதான். குளிர்காலத்தில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வடக்கே மிகத் தொலைவில் ஷாஸ்டா மலையின் பனி தெரியலாம். கிழக்கே சியரா நெவாடா, தெற்கே சான் பிரான்சிஸ்கோ. கோடைக் காலையில் பள்ளத்தாக்கை மூடுபனி நிரப்பியிருக்க, நீங்கள் அதற்குமேலே நிற்பீர்கள். இதில் எதுவும் கிடைக்காத மங்கலான நாளில் ஆறு மணி நேரம் அந்த மண்சாலையில் நடப்பது வீண். அன்றைக்குச் சாலையின் எதிர்ப்புறம் தொடங்கும் டேபிள் ராக் பாதைக்குப் போங்கள். போகவர நாலரை மைலுக்குள்தான். எரிமலைப் பாறை விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், சிகரத்தைவிட டேபிள் ராக்கே நல்ல பாதை. விளிம்பில் கம்பி வேலி இல்லை என்பதால் சிறு குழந்தைகளைக் கூட்டிப் போவதானால் கையை விடாதீர்கள்.

*வெயிலும் பாறையும் பழைய வண்டித்தடமும்: ஓட் ஹில் மைன் டிரெயில்*

காலிஸ்டோகா ஊர் ஓரத்திலேயே, நெடுஞ்சாலை 29உம் சில்வராடோ டிரெயிலும் சந்திக்கும் இடத்தில் தொடங்குகிறது. ஒரு காலத்தில் பாதரசச் சுரங்கத்துக்குப் போன குதிரைவண்டிப் பாதை இது. தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் தேவைப்பட்டதால் கலிபோர்னியாவில் அதற்கு அன்று நல்ல கிராக்கி. பாறையில் வண்டிச் சக்கரங்கள் அரைத்து உண்டாக்கிய பள்ளங்கள் மேலே இன்னும் இருக்கின்றன. ஒருவழியே எட்டு மைலுக்குமேல் போகும். முழுவதும் நடக்க வேண்டியதில்லை. நேரத்தைப் பார்த்து எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம் என்பதுதான் இந்தப் பாதையின் வசதி. முதல் இரண்டு மைலிலேயே கீழே ஊரும் தோட்டங்களும் விரிந்துவிடும், தலைக்குமேல் பாலிசேட்ஸ் பாறைச்சுவர் எழும். காலையில் மட்டும் போங்கள். ஜூலை மதியத்தில் இங்கே நடப்பது தண்டனை.

*ஏற்றமே வேண்டாம் என்றால்*

நாபா வேலி வைன் டிரெயில் தார் போட்ட, சமமான பாதை. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் சக்கர நாற்காலிக்கும் பொது. வல்லேஹோ படகுத்துறையிலிருந்து காலிஸ்டோகா வரை 47 மைல் போட வேண்டும் என்பது திட்டம். இன்னும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. நாபாவிலிருந்து யவுண்ட்வில் போகும் துண்டு பழையது. ரயில் தண்டவாளத்தையும் நெடுஞ்சாலையையும் ஒட்டிப் போவதால் கார்ச் சத்தம் கூடவே வரும், நிழல் மிகக் குறைவு. 2024இல் திறந்த செயின்ட் ஹெலினா–காலிஸ்டோகா துண்டு எனக்கு அதைவிடப் பிடிக்கும். பள்ளத்தாக்கு ஒடுங்கிய இடத்தில், தோட்டங்களின் ஓரமாகவே போகிறது. திராட்சைக் கொடிக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும் என்ற ஆசை சட்டப்படி நிறைவேறுவது இங்கேதான். வலப்பக்கமாக நடங்கள், பின்னால் வரும் சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள்.

தெற்கே அமெரிக்கன் கேன்யனில் சதுப்பு நிலக் கரைமேல் ஒரு பாதை இருக்கிறது. ஒயினும் இல்லை, மலையும் இல்லை என்று சுற்றுலாப் பயணிகள் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. குளிர்காலத்தில் வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் நிறைய. தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்குக் கொண்டாட்டம். பிற்பகலில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், காலையில் போங்கள்.

*நாபா ஊரை விட்டு வெளியே போக நேரமில்லை என்றால்*

ஸ்கைலைன் வில்டர்னெஸ் பூங்கா ஊரின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. சுமார் 850 ஏக்கர். அரசு மனநல மருத்துவமனைக்குச் சொந்தமான நிலமாக இருந்தது; அந்த மருத்துவமனையின் தண்ணீர்த் தேவைக்காகக் கட்டிய மேரி ஏரிவரை நடக்கலாம். பாதையில் பழைய கல்வேலிகள் வரும். வண்டிக்குச் சிறு கட்டணம் உண்டு. நாயோடு நடப்பவர்கள் ஆல்ஸ்டன் பூங்காவுக்குப் போவது நல்லது. ஸ்கைலைன் பாதைகளிலும் மாநிலப் பூங்காக்களின் மண்பாதைகளிலும் பொதுவாக நாய்க்கு அனுமதியில்லை. ஆல்ஸ்டனில் மேட்டில் ஏறினால் மாலை வெயிலில் தோட்டங்கள் தெரியும், வேறு பெரிய விசேஷம் இல்லை.

மேற்கு மலையைத் தாண்டி சொனோமா பள்ளத்தாக்குக்குப் போக நேரமிருந்தால் இரண்டு இடங்கள். ஷுகர்லோஃப் ரிட்ஜ் மாநிலப் பூங்காவில் பால்டு மவுன்டன், 2,729 அடி. இரண்டு ஒயின் பள்ளத்தாக்குகளையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். கிளென் எலனில் எழுத்தாளர் ஜாக் லண்டன் பெயரிலான பூங்கா. அவர் ஆசையாகக் கட்டி, குடியேறுமுன்பே 1913இல் எரிந்துபோன மாளிகையின் கற்சுவர்கள் காட்டுக்குள் நிற்கின்றன. அது குறைந்த நடை. பெற்றோரோடு போக ஏற்றது.

ஐந்தாம் படி: பாய்சன் ஓக் எது என்று தெரிந்துகொண்டு போங்கள்

மலைச்சிங்கத்தையும் பாம்பையும் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையில் இந்தப் பாதைகளில் ஆட்களைப் படுத்துவது ஒரு செடி. பாய்சன் ஓக் என்று பெயர். ஓக் இனமே அல்ல. மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் சேர்ந்த குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டுத் தோல் வெந்து கொப்புளித்தவர்களை ஊரில் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே வகை எண்ணெய்தான் இதிலும். பட்டவுடன் ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் வரும். இரண்டு மூன்று வாரம் ஆளை ஆட்டிப் படைக்கும்.

அடையாளம்: ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள்; நடு இலைக்கு மட்டும் சற்று நீண்ட காம்பு. வசந்தத்தில் பளபளப்பான பச்சை, கோடைக் கடைசியில் அழகான சிவப்பு. அந்தச் சிவப்பை ரசித்துப் பறித்தவர்கள் உண்டு. குளிர்காலத்தில் இலையே இல்லாமல் வெறும் குச்சியாக நிற்கும்போதும் எண்ணெய் இருக்கிறது. முழுக்கால் சட்டை போடுங்கள், பாதையின் நடுவில் நடங்கள், ஓரத்துப் புதருக்குள் ஒதுங்காதீர்கள். பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால் சீக்கிரமே சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் தேய்த்துக் கழுவுங்கள். உடை, ஷூ நாடா, கைத்தடி எல்லாவற்றிலும் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றையும் துவைக்க வேண்டும். விறகோடு சேர்த்து எரித்தால் புகைகூட ஆகாது.

வசந்தத்தில் புல் உயரமான இடங்களில் உண்ணி ஏறும்; வீட்டுக்கு வந்ததும் உடலைச் சோதியுங்கள். வெயில் நாளில் பாறைமேல் கிலுகிலுப்பைப் பாம்பு படுத்திருக்கும். கை வைக்கும் இடத்தைப் பார்த்துக் கைவைத்தால் போதும்.

தண்ணீர், மணிக்கு அரை லிட்டர். கோடையில் அதன் இருமடங்கு. செயின்ட் ஹெலினா மலைக்கு ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையக் கூடாது. சாப்பாட்டுக்கு இங்கே விற்கும் விலையுயர்ந்த சாண்ட்விச்சைவிடப் புளியோதரை மேல். வெயிலில் கெடாது, கையால் சாப்பிடலாம், உப்பும் சேரும்.

ஆறாம் படி: நடை முதலில், ஒயின் பிறகு

ஒயின் குடித்துவிட்டு மலையேறலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். வெயிலில் உடல் வறளும், கால் தடுமாறும். நடையைக் காலை பதினொன்றுக்குள் முடித்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு ஒயின் ஆலைக்குப் போவதே சரியான வரிசை. முன்பதிவு முக்கியம். நாபா கவுண்டி 1990இல் கொண்டுவந்த விதிப்படி, அதற்குப் பிறகு அனுமதி பெற்ற ஆலைகள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருபவர்களுக்கு மட்டுமே சுவைக்கக் கொடுக்கலாம். மண் ஒட்டிய ஷூவோடு போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் மாற்றுச் செருப்பு ஒன்று வண்டியில் இருக்கட்டும். வண்டி ஓட்டுபவர் சுவைக்காமல் இருப்பதுதான் நல்லது; ரத்தத்தில் 0.08 சதவீதத்தை எட்டினாலே இங்கே குற்றம்.

குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்தப் பிற்பகல் நேரம் வீணாகாது. காலையில் ஓட் ஹில், மதியம் காலிஸ்டோகாவில் சாப்பாடு, பிறகு ரெட்வுட் நிழலில் ரிச்சி ஓடை என்று இரண்டு சிறு நடைகளாக நாளை நிரப்பலாம். முன்பு சொன்ன கிழக்கு–மேற்குக் கணக்கும் அதில் பொருந்திவிடுகிறது.

ஏழாம் படி: மாற்று ஏற்பாடு ஒன்று கையில் இருக்கட்டும்

கிளம்பும் நாள் காலையில் மூன்றைப் பாருங்கள்: பூங்கா திறந்திருக்கிறதா, வெப்பநிலை எவ்வளவு, காற்றில் புகை உண்டா. காலிஸ்டோகாவின் வெப்பநிலையைத் தனியாகப் பாருங்கள். நாபா ஊரின் எண்ணை நம்பி வடக்கே போனால் ஏமாறுவீர்கள்.

கார் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. நாபாவிலிருந்து காலிஸ்டோகா வரை பள்ளத்தாக்கு நெடுக வைன் டிரான்சிட்டின் 10ஆம் எண் பஸ் ஓடுகிறது. காலையில் பஸ்ஸில் காலிஸ்டோகா போய் இறங்கி, வைன் டிரெயிலில் தெற்கு நோக்கி நடந்து, களைத்த இடத்தில் நெடுஞ்சாலைக்கு வந்து பஸ்ஸைப் பிடிக்கலாம். வார நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நேர அட்டவணை வேறுபடும், திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

கணவாய் வரை ஏறிப் போய், செயின்ட் ஹெலினா மலையில் வண்டி நிறுத்த இடமில்லை என்றால், இடம் வரும் என்று சாலையோரத்தில் காத்துக் கிடக்காதீர்கள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே வண்டியை ஒட்டி நிறுத்துவதும் வேண்டாம், அந்த வளைவுகளில் லாரிகள் வரும். வந்த வழியே கீழே இறங்கினால் ஓட் ஹில் பாதை அடிவாரத்திலேயே இருக்கிறது. மணி பத்தைத் தாண்டி வெயிலும் ஏறியிருந்தால் அங்கும் நிற்காமல், காலிஸ்டோகாவைக் கடந்து நேராகப் பாத்தி பூங்காவுக்குப் போய்விடுங்கள்.